ஸ்டென்ட் கிராஃப்ட் சோதனை: விலங்குகள் எதற்கு விடை தருகின்றன, எதற்குத் தருவதில்லை?

விலங்குச் சோதனை பற்றிய இரண்டு செய்திகள் 2025ஆம் ஆண்டில் பலரின் கவனத்தை ஈர்த்தன. ஏப்ரல் மாதம், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சில வகை மருந்துகளுக்கு விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. ஆகஸ்ட் மாதம், கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் உள்ள ஒரு மருத்துவமனையில் இதய ஆய்வுக்காக நாய்கள் பயன்படுத்தப்பட்டதைச் செய்தியாளர்கள் வெளிக்கொணர்ந்தனர். சில நாள்களிலேயே அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது. நாய்களையும் பூனைகளையும் ஆய்வுக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்யப்போவதாக மாநில முதல்வர் டக் ஃபோர்டு அறிவித்தார்.

இச்செய்திகளைக் கைப்பேசியில் படித்த நம்மில் பலர் மகிழ்ந்திருப்போம். விலங்குகளை நேசிப்பவர்களுக்கு இது நியாயமான மகிழ்ச்சி. ஆனால், சமூக ஊடகங்களில் நடந்த விவாதம் பெரும்பாலும் இரண்டே வார்த்தைகளில் முடிந்துவிட்டது: ‘வேண்டும்’, ‘வேண்டாம்’. மனித உடலுக்குள் பல ஆண்டுகள் இருக்கப்போகும் ஒரு சாதனத்தை முதன்முறையாக ஒருவருக்குப் பொருத்தும் முன் நமக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், அவற்றில் எதை ஒரு விலங்கின் உடல் சொல்லும், எதைச் சொல்லாது என்ற கேள்வியை அதிகம் பேர் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை ஒரே ஒரு சாதனத்தை வைத்துப் பார்க்கலாம். அதுதான் பெருந்தமனிக் கிழிசலைச் சரிசெய்யப் பயன்படும் ஸ்டென்ட் கிராஃப்ட்.

பெருந்தமனி கிழிந்தால்

இதயத்திலிருந்து உடல் முழுவதற்கும் செல்லும் இரத்தம் முதலில் பாயும் குழாய் பெருந்தமனி. அதன் சுவரில் மூன்று அடுக்குகள் உள்ளன. உள்ளடுக்கில் சிறு கிழிசல் ஏற்பட்டால், இரத்தம் அதன் வழியே புகுந்து அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போகும. ஒரே குழாய்க்குள் இரண்டு பாதைகள் உருவாகிவிடும். ஒன்று உண்மையான பாதை, மற்றொன்று போலிப் பாதை. போலிப் பாதை வீங்கினால் உண்மையான பாதை நசுங்கும். சிறுநீரகம், குடல், கால் ஆகியவற்றுக்குச் செல்லும் இரத்தம் தடைபடலாம். வெளிச்சுவரும் வெடித்துவிட்டால் உயிர் பிழைப்பது அரிது.

நெஞ்சிலோ முதுகிலோ திடீரெனத் தாங்க முடியாத வலி ஏற்படுவது இதன் முக்கிய அறிகுறி. மாரடைப்பு என்று தவறாகக் கருதப்படுவதும் உண்டு. பிரிட்டிஷ் மன்னர் இரண்டாம் ஜார்ஜ் 1760ஆம் ஆண்டு திடீரென இறந்தபோது, அவரது உடலைப் பரிசோதித்த மருத்துவர் ஃபிராங்க் நிக்கல்ஸ் இந்தக் கிழிசலைத்தான் கண்டார்.

மருத்துவர்கள் இந்நோயை இரண்டாகப் பிரிக்கின்றனர். இதயத்தை ஒட்டி மேலே ஏறும் பகுதியில் கிழிசல் இருந்தால் அது ‘ஏ’ வகை. நெஞ்சைத் திறந்து உடனடியாக அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். சிகிச்சை இல்லாவிட்டால் தொடக்க நேரத்தில் ஒவ்வொரு மணி நேரமும் மரண அபாயம் 1 முதல் 2 விழுக்காடு கூடுவதாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. ஏறும் பகுதி பாதிக்கப்படாமல் கீழிறங்கும் பகுதியில் இருந்தால் அது ‘பி’ வகை. இதற்கு முதலில் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகள் தரப்படும். சிக்கல் ஏற்பட்டாலோ ஏற்படும் என்று தெரிந்தாலோ ஸ்டென்ட் கிராஃப்ட் பொருத்தப்படும்.

ஸ்டென்ட் கிராஃப்ட் என்பது உலோக வளையங்களால் தாங்கப்பட்ட துணிக்குழாய். அதைச் சுருக்கி, தொடையிடுக்கில் உள்ள தமனி வழியே மெல்லிய குழாயில் செலுத்தி, கிழிசல் தொடங்கும் இடத்தில் விரித்துவிடுவார்கள். கிழிசலின் வாய் அடைபட்டதும் இரத்தம் உண்மையான பாதைக்குத் திரும்பும். போலிப் பாதையில் தேங்கும் இரத்தம் நாளடைவில் உறைந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு.

இது யாருக்கோ வரும் நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. பெருந்தமனிக் கிழிசலுக்கு மிகப் பெரிய காரணம் உயர் இரத்த அழுத்தம். சிங்கப்பூரில் 2019, 2020ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட தேசிய மக்கள் சுகாதார ஆய்வில் 18 முதல் 74 வயதுடையோரில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது தெரியவந்தது. மலேசியாவில் 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. நம் வீட்டுத் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மாவில் ஒருவராவது அந்தக் கணக்கில் இருக்கக்கூடும்.

பட்டுக் கைக்குட்டையில் தொடங்கிய கதை

இந்தச் சாதனத்தின் வரலாற்றை நாய்களைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1947ஆம் ஆண்டு ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் மருத்துவர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஒரு நாயின் இதய அறைக்குள் தவறுதலாகச் சென்றுவிட்ட பட்டு நூல், சில மாதங்களுக்குப் பின் பளபளப்பான மெல்லிய படலத்தால் மூடப்பட்டிருந்ததைக் கண்டார். நூலை உடல் இப்படி ஏற்றுக்கொள்ளும் என்றால், துணியால் செய்த குழாயையும் ஏற்றுக்கொள்ளாதா என்று யோசித்தார். முதலில் பட்டுக் கைக்குட்டையைக் குழாயாகத் தைத்து நாயின் பெருந்தமனியில் பொருத்தினார். பின்னர் வின்யான் என்ற செயற்கை இழைத் துணிக்கு மாறினார். அதன் முடிவுகள் 1952ஆம் ஆண்டு வெளியாயின. துணிக்குழாய் இரத்தத்தைத் தாங்கும் என்பது அப்படித்தான் தெரியவந்தது.

அடுத்த படி உலோகம். சார்ல்ஸ் டாட்டர் 1969ஆம் ஆண்டு நாய்களின் கால் தமனிகளில் சுருள் கம்பிகளைப் பொருத்திப் பார்த்தார். அர்ஜென்டினாவின் யுவான் பரோடி 1976ஆம் ஆண்டிலேயே நாய்களிடம் சோதனையைத் தொடங்கி, துணியையும் உலோகத்தையும் இணைத்த குழாயை 1990ஆம் ஆண்டு வயிற்றுப் பகுதிப் பெருந்தமனி வீங்கிய ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். அதற்கு முன்பே 1987ஆம் ஆண்டு, அன்றைய சோவியத் ஒன்றியத்தின் கார்கிவ் நகரில் நிக்கொலாய் வொலொடோஸ் நெஞ்சுப் பகுதிப் பெருந்தமனியில் அத்தகைய சாதனத்தைப் பொருத்தியிருந்தார். பெருந்தமனிக் கிழிசலுக்கு ஸ்டென்ட் கிராஃப்ட்டைப் பயன்படுத்திய இரண்டு ஆய்வுகள் 1999ஆம் ஆண்டு ஒரே மருத்துவ இதழில் ஒன்றாக வெளியாயின. ஒன்றில் 19 பேருக்கும் மற்றொன்றில் 12 பேருக்கும் அந்தச் சாதனம் பொருத்தப்பட்டிருந்தது.

இன்று இந்தச் சிகிச்சையால் உயிர் பிழைத்து வீடு திரும்பும் ஒவ்வொருவரும், பெயர் தெரியாத அந்த விலங்குகளுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். இதை மறைத்துவிட்டு ‘விலங்குச் சோதனையால் எந்தப் பயனும் இல்லை’ என்று வாதிடுவது நேர்மையாகாது.

அதே கதையின் மறுபக்கமும் இருக்கிறது. வூர்ஹீஸ் கண்ட பளபளப்பான படலம், துணிக்குழாயின் உட்புறம் முழுவதையும் உடலின் சொந்த உயிரணுக்கள் போர்த்திவிடும் என்ற நம்பிக்கையைத் தந்தது. சோதனை விலங்குகள் பலவற்றில் அது நன்றாகவே நடக்கிறது. மனிதர்களிடமிருந்து எடுத்துப் பார்த்த குழாய்களிலோ, இரு முனைகளை ஒட்டிய சிறு பகுதியில் மட்டுமே அத்தகைய உயிரணுப் படலம் காணப்பட்டது. பல ஆண்டுகள் கழிந்த பிறகும் நடுப்பகுதி பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. ஒரே விலங்கு ஒரு கேள்விக்குச் சரியான விடையையும் இன்னொரு கேள்விக்குத் தவறான விடையையும் தந்திருக்கிறது.

விலங்கின் உடல் சொல்பவை

இன்று ஒரு புதிய ஸ்டென்ட் கிராஃப்ட் பொதுவாக மூன்று கட்டங்களைக் கடக்க வேண்டும். முதலாவது ஆய்வுக்கூட மேடை. அங்கு இதயத்துடிப்பைப் போல நீரை அழுத்தும் இயந்திரத்தில் சாதனம் 400 மில்லியன் முறை விரிந்து சுருங்க வேண்டும். இது ஏறத்தாழ பத்து ஆண்டுத் துடிப்புகளுக்குச் சமம். இரண்டாவது கட்டம் விலங்கு, மூன்றாவது மனிதர்.

விலங்குக் கட்டத்தில் பெரும்பாலும் பன்றிகளும் செம்மறியாடுகளும் பயன்படுத்தப்படுகின்றன. மனிதருக்கான சாதனம் அவற்றின் பெருந்தமனிக்குள் பொருந்தும் என்பது முதல் காரணம். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலமே உள்ள எலியின் பெருந்தமனியில் அதைச் செய்ய முடியாது. பன்றி வேகமாக வளர்வதால் மாதக்கணக்கில் நீளும் சோதனைகளுக்கு, வளர்ச்சி முடிந்த செம்மறியாடு வசதியாக இருக்கிறது. குறிப்பிட்ட காலம் முடிந்ததும் விலங்கு கொல்லப்படும். சாதனத்தைச் சுற்றியுள்ள திசு நுண்ணோக்கியில் ஆராயப்படும்.

ஓடும் இரத்தத்தில் சாதனத்தைச் சரியான இடத்தில் விரிக்க முடிகிறதா? அதன் மேல் ஆபத்தான இரத்தக்கட்டி உருவாகிறதா? திசு அழற்சி அடைகிறதா? சாதனம் இடம் நகர்கிறதா? இவற்றுக்கு உயிருள்ள உடல் மட்டுமே முழுமையாக விடை தரும். இரத்தம் உறைவதும் காயம் ஆறுவதும் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்களும் உயிரணுக்களும் ஒன்றோடொன்று வினைபுரியும் நிகழ்வுகள். அவற்றை முழுமையாக நகலெடுக்கும் கணினி நிரல் இன்னும் வரவில்லை.

சொல்லாதவை

ஆனால் ‘இந்தச் சாதனம் பெருந்தமனிக் கிழிசலைக் குணப்படுத்துமா?’ என்ற முக்கியமான கேள்விக்கு அந்தப் பன்றியிடம் விடை இல்லை.

காரணம் எளிது. அந்தப் பன்றிக்கு நோயே இல்லை. வான்கோழிகளுக்குப் பெருந்தமனி தானாகக் கிழிவது உண்டு. ஆனால் மனிதருக்கான சாதனத்தை அவற்றிடம் சோதிக்க முடியாது. ஆகவே, ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளம் பன்றியின் பெருந்தமனியைத் திறந்து, அடுக்குகளைக் கையால் பிரித்து, செயற்கையாக ஒரு கிழிசலை உருவாக்குகிறார்கள். நம் மருத்துவமனைக்கு வரும் நோயாளியோ பல்லாண்டு உயர் இரத்த அழுத்தத்தால் தளர்ந்த பெருந்தமனியுடன் வருகிறார். சிலருக்கு மார்ஃபன் நோய் போன்ற மரபணுக் குறைபாட்டால் இளம் வயதிலேயே அந்தச் சுவர் பலவீனமாக இருக்கும். ஸ்டென்ட்டின் விறைப்பான முனை அத்தகைய சுவரில் உரசிப் புதிய கிழிசலை ஏற்படுத்துவது மருத்துவர்கள் அஞ்சும் பின்விளைவுகளில் ஒன்று. மீள்தன்மை குறையாத இளம் பெருந்தமனி அந்த ஆபத்தைக் காட்டிக்கொடுக்காது.

காலமும் இன்னொரு தடை. விலங்குச் சோதனைகள் வழக்கமாகச் சில மாதங்களில் முடிந்துவிடும். மனிதர்களிடம் உண்மை வெளிவர ஆண்டுகள் ஆகின்றன. ‘இன்ஸ்டெட்’ எனப்படும் ஐரோப்பிய ஆய்வில், நிலைமை சீராக இருந்த ‘பி’ வகை நோயாளிகள் 140 பேர் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு மருந்து மட்டும். மற்றொரு குழுவுக்கு மருந்தோடு ஸ்டென்ட் கிராஃப்ட். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, சாதனம் பொருத்தியவர்கள் கூடுதலாக உயிர் பிழைக்கவில்லை. ஐந்தாண்டுக் கணக்கு வேறு கதையைச் சொன்னது. பெருந்தமனிப் பிரச்சினையால் ஏற்பட்ட மரணம் மருந்து மட்டும் பெற்றவர்களிடம் 19.3 விழுக்காடாகவும் சாதனம் பொருத்தியவர்களிடம் 6.9 விழுக்காடாகவும் இருந்தது. எந்த ஆட்டையும் பன்றியையும் வைத்து இந்த விடையைப் பெற்றிருக்க முடியாது.

எதிர்மறையான உதாரணமும் உண்டு. மெட்ரானிக் நிறுவனத்தின் வேலியன்ட் நேவியன் என்ற நெஞ்சுப் பகுதி ஸ்டென்ட் கிராஃப்ட் அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டு அங்கீகாரம் பெற்றது. 2021 பிப்ரவரியில் உலகெங்கும் மீட்டுக்கொள்ளப்பட்டது. மருத்துவ ஆய்வில் பங்கேற்ற சில நோயாளிகளின் உடலில் உலோக வளையம் முறிந்ததும் துணிப்பகுதி வழியே இரத்தம் கசிந்ததும் தொடர் கண்காணிப்பில் தெரியவந்தன. ஒருவர் உயிரிழந்தார். அங்கீகாரத்துக்குத் தேவையான சோதனைகள் அனைத்தையும் தாண்டி வந்த சாதனத்துக்கே இந்த நிலை. பிரச்சினையைக் கண்டுபிடித்தது, பொருத்திய பிறகும் ஆண்டுதோறும் நோயாளிகளைப் படமெடுத்துப் பார்த்த பொறுமையான வேலைதான்.

மருந்து வேறு, சாதனம் வேறு

இப்போது தொடக்கத்தில் பார்த்த அமெரிக்க அறிவிப்புக்கு வருவோம். அங்கு 2022 டிசம்பரில் கையெழுத்தான சட்டம், புதிய மருந்துகளுக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையை மாற்றியது. 2025 ஏப்ரல் திட்டம் அதன் தொடர்ச்சி. மோனோகுளோனல் எதிர்ப்பொருள் வகை மருந்துகளில் அது தொடங்குகிறது. அம்மருந்துகள் மனித உடலில் உள்ள குறிப்பிட்ட இலக்கைத் தேடிச் செல்பவை என்பதால், விலங்கின் உடல் பல நேரங்களில் தவறான வழியைக் காட்டிவிடுகிறது. அங்கு மாற்றம் பொருத்தமானது.

ஆனால் இவை மருந்துகளைப் பற்றியவை. ஸ்டென்ட் கிராஃப்ட் போன்ற சாதனங்களுக்கு வேறு விதிகள் உள்ளன. ‘அமெரிக்கா விலங்குச் சோதனையை நிறுத்திவிட்டது’ என்று பகிரப்படும் பதிவுகள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகின்றன. அதே அமைப்பு 2023ஆம் ஆண்டு சாதனங்களுக்காக இரண்டு வழிகாட்டிக் குறிப்புகளை இறுதிசெய்தது. ஒன்று, சாதனங்களுக்கான விலங்குச் சோதனையை எப்படிச் செய்ய வேண்டும் என்பது. மற்றொன்று, கணினி மாதிரிகளின் நம்பகத்தன்மையை எப்படி மதிப்பிட வேண்டும் என்பது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நிலைமை தெளிவாகும். கதவு திறந்திருக்கிறது, ஆனால் உள்ளே வரும் ஒவ்வொரு மாற்று வழியும் தன்னை நிரூபிக்க வேண்டும்.

அந்த மாற்று வழிகள் வேகமாக வளர்கின்றன. நோயாளியின் சிடி ஸ்கேன் படத்தைக் கொண்டு அவரது பெருந்தமனியை முப்பரிமாண அச்சில் வார்த்தெடுக்கலாம். இரத்தம் எந்த வேகத்தில் சுவரை மோதும் என்பதைக் கணினியில் கணக்கிடலாம். இறந்தபின் உடலைத் தானம் செய்தவர்களின் பெருந்தமனியில் சாதனத்தை விரித்துப் பார்க்கலாம். சாதனம் பொருந்துமா, முனை எங்கே அழுத்தும், உலோகம் எங்கே களைப்படையும் போன்ற கேள்விகளுக்கு ஆரோக்கியமான பன்றியைவிட இவை நெருக்கமான விடை தரக்கூடும். அந்தக் கேள்விகளுக்காகவும் ஒரு விலங்கைக் கொல்வது, விடை கிடைக்காத இடத்தில் உயிரைச் செலவழிப்பதாகும்.

நம் பக்கம் என்ன?

விலங்கு ஆய்வு நெறிக்கு அடிப்படையான மூன்று கொள்கைகளை ரசல், பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் 1959ஆம் ஆண்டிலேயே வகுத்தனர். முடிந்தால் விலங்குக்கு மாற்று தேடுக. முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறைத்திடுக. பயன்படுத்தும் விலங்கின் துன்பத்தைத் தணித்திடுக. சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள விதிகளும் இவற்றையே சார்ந்தவை. விலங்குகளைப் பயன்படுத்தும் ஆய்வு நிலையங்களுக்கு உரிமம் தேவை. அவற்றின் ஆய்வுத் திட்டங்களை ஒரு குழு பரிசீலிக்க வேண்டும். அக்குழுவில் அறிவியல் துறை சாராதவரும் அந்நிலையத்தைச் சாராதவரும் இருக்க வேண்டும். மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் விலங்குகளைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்துகிறது.

அதே நேரத்தில், நம் மருத்துவமனைகளில் பொருத்தப்படும் ஸ்டென்ட் கிராஃப்ட்டுகள் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்கள் தயாரித்தவை. சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் அவற்றை ஆக அதிக ஆபத்துள்ள ‘டி’ பிரிவில் வைத்துப் பரிசீலிக்கிறது. விலங்குச் சோதனை எங்கோ நடந்து முடிந்திருக்கும். பலன் மட்டும் நம்மை வந்தடைகிறது. கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறளைத் தமிழ் வகுப்பில் படிக்கும் நாம், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நடப்பதால் அந்தப் பொறுப்பு நம்முடையதல்ல என்று சொல்லிவிட முடியுமா?

என் பார்வையில், முழுத் தடையைவிட உடனடியாகப் பலன் தரக்கூடியவை இரண்டு.

முதலாவது, ஒவ்வொரு விலங்குச் சோதனைக்கும் முன்பாக ‘இந்த விலங்கு எந்தக் கேள்விக்கு விடை தரப்போகிறது? அதே விடையை வேறு வழியில் பெற முடியாதா?’ என்பதை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும். நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் விலங்கு ஆய்வுகளை முன்கூட்டியே பதிவுசெய்யும் இணையப் பதிவேடுகள் செயல்படுகின்றன. அவை உலகெங்கும் கட்டாயமாக வேண்டும்.

இரண்டாவது, தோல்வியடைந்த சோதனைகளும் வெளியிடப்பட வேண்டும். ஒரு நிறுவனம் பன்றிகளிடம் சோதித்துக் கைவிட்ட வடிவமைப்பைப் பற்றி வெளியே சொல்லாவிட்டால், இன்னொரு நிறுவனம் அதே வடிவமைப்பை மீண்டும் பன்றிகளிடம் சோதிக்கும். வணிக ரகசியம் என்ற பெயரில் ஒரே விடைக்காக இருமுறை உயிர்கள் போகும். பிரிட்டன் ஆண்டுதோறும் விலங்குச் சோதனைகளின் எண்ணிக்கையை வெளியிடுகிறது. 2023ஆம் ஆண்டில் அது ஏறக்குறைய 2.68 மில்லியன். எண்ணிக்கை தெரிந்தால்தான் அது குறைகிறதா என்று பொதுமக்கள் கேட்க முடியும்.

மாணவர்களாகிய நமக்கும் இதில் வேலை இருக்கிறது. உயிரியல் மருத்துவப் பொறியியல் படிக்கப்போகிறவர்கள் நாளைய சாதனத்தை வடிவமைப்பார்கள். கணினி அறிவியல் படிப்பவர்கள் இரத்தம் உறைவதைக் கணிக்கும் நிரலை எழுதலாம். சட்டம் படிப்பவர்கள் பதிவேட்டைக் கட்டாயமாக்கும் விதியை வரையலாம். இவற்றில் எதுவுமே படிக்காதவர்களும், அடுத்த முறை இப்படியொரு செய்தி வரும்போது, அது மருந்தைப் பற்றியதா சாதனத்தைப் பற்றியதா, எந்த விலங்கு, எந்தக் கேள்விக்காக என்று கேட்டுவிட்டுப் பகிரலாம்.

பெருந்தமனி கிழிந்து அவசரப் பிரிவுக்கு வருபவருக்கு மணிக்கணக்கில்தான் அவகாசம் இருக்கும். அவருக்காகத் தயாராக இருக்க வேண்டிய சாதனம் நம்பகமானதாக இருக்க வேண்டும். அதற்காக உயிர் கொடுத்த விலங்கின் மரணம் வீண்போகாததாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சரியான கேள்வியைச் சரியான இடத்தில் கேட்டால் இரண்டுமே சாத்தியம்.